சுற்றுப்படமும் நூலமைதியும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மின்சுற்றுக்களைக் குறித்து எழுதப் புகுவது நம் கல்லூரி நண்பர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். இலக்கணமும் இலக்கியமும் கற்பான் கைக்கு மின்தடையும் மின்தேக்கியும் ஏற்ற பொருள்களோ என்று அவர் வினவுதலும் கூடும். அவ்வினா எழுவது இயல்பே. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் ஒரு மின்சுற்றுப் படத்தைக் கணினியில் முறைப்படுத்தும் பணியை அருகிருந்து காணவும் அதற்குச் சிறிது துணை புரியவும் எனக்கு வாய்த்தது. கண்டபின், ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தார் செய்த தொழிலுக்கும் அப்பணிக்கும் நெருங்கிய உறவுண்டு என்பது தெளிவாயிற்று. அதனை நண்பரோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது ஊர் திருவண்ணாமலை. இப்பெயரைக் கேட்டவுடன் அருணாசலமும் கார்த்திகைத் தீபமும் பலர்க்கு நினைவில் எழும். யான் கூறுவது அவ்வூர் அன்று; ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள சிறு குன்றும் அதன் அடியிலுள்ள ஊருமாம். குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் விளங்குகின்றது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுப்புறத்து மக்கள் திரள்திரளாகப் படியேறுவர். சில கல் தொலைவில் இராசபாளையம் இருக்கின்றது. அஃது ஆலைகளால் பெயர்பெற்ற ஊர். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டில் அங்கே இராசபாளையம் மில்லை நிறுவினார். அதன் பக்கத்துச் சத்திரப்பட்டியிலோ மருத்துவமனைகளுக்கு வேண்டும் கட்டுத்துணியை நெய்யும் தறிகளின் ஓசை ஓய்வதில்லை. நூற்றலும் நெய்தலும் இக்காலத்தில் கையாலும் காலாலும் மட்டும் நடப்பன அல்ல. ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு பெட்டி உண்டு; பெட்டிக்குள் ஒரு போர்டு உண்டு; போர்டு நின்றால் இயந்திரமும் நிற்கும்.

என் பெரியப்பாவின் மகனார் மின்னணுவியல் கற்று, இத்தகைய போர்டுகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறை ஒன்றை எம் ஊரில் நடத்தி வருகின்றார். சித்திரைத் திங்களில் சிற்றாலை ஒன்றிலிருந்து அவரிடம் ஒரு போர்டு வந்தது. நூல் சுற்றும் பழைய இயந்திரம் ஒன்றிற்கு உரியது அது. அதனை முதலில் வடிவமைத்தவர் அப்பகுதியில் யாவரும் மதித்த முதியவர் ஒருவர். இயந்திரம் நின்றபோதெல்லாம் அவரே வந்து, நினைவிலிருந்தே பழுதினைக் கண்டு நீக்குவாராம். அவர் காலமாகி ஈராண்டு ஆயின. போர்டோ இடையிடையே கருகி, இனிச் செப்பம் செய்ய இயலாத நிலையை எய்தியிருந்தது. புதிய இயந்திரம் வாங்குதற்கு ஆலையுடையாரிடம் பொருள் இல்லை. அவ்வியந்திரத்தில் வேலை செய்த பெண்கள் நால்வர் வேறு வேலையின்றி வீட்டிலிருந்தனர். முதியவர் விட்டுச்சென்ற ஒரே ஆதாரம், நான்காக மடித்த ஒரு பெருந்தாளில் அமைந்த சுற்றுப்படம். அதனைக் கொண்டு புதிய போர்டு ஒன்றை உருவாக்கவேண்டும் என்பதே அண்ணன் ஏற்றுக்கொண்ட பணி.

தாளை விரித்தோம். இருநூற்றுக்கு மேற்பட்ட உறுப்புக்கள் ஒரே தாளில் நெருங்கிக் கிடந்தன. கோடுகள் ஒன்றையொன்று வெட்டித் தாளின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு ஓடின. முதியவர் அறிவில் குறையுடையவர் அல்லர். அவர் அமைத்த இயந்திரம் பல்லாண்டு ஓடியதே அதற்குச் சான்று. அவர் தமக்காகவே வரைந்தார். தாம் இருக்குமளவும் அது போதுமானதாக இருந்தது.

யான் தாளைப் பார்த்து ஒவ்வோர் இணைப்பாகப் படிப்பேன். அண்ணன் அதனைக் கணினியில் வரைவார். இரண்டாம் நாள் அவரிடம், “அண்ணே, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் கணினியே ஒழுங்கு செய்துகொள்ளாதா?” என்று வினவினேன். அவர் நகைத்து, “கணினிக்கு ஒழுங்கு எதற்குத் தம்பி? எந்த முனை எந்த முனையோடு சேர்ந்தது என்று தெரிந்தால் அதற்குப் போதும். நாளைக்கு இதைப் பிரித்துப் பார்க்கப்போகிற ஆளுக்குத்தான் ஒழுங்கு வேண்டும்” என்றார்.

இவ்விடையை விளக்கவேண்டும். சுற்றுப்படம் வரைதற்குரிய மென்பொருள், நாம் வரைந்த படத்திலிருந்து இணைப்புப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளும். இன்ன மின்தடையின் முதல் முனை இன்ன சில்லின் ஐந்தாம் முனையோடு இணைந்தது என்பன போன்ற செய்திகளே அப்பட்டியலில் உள்ளவை. போர்டில் செம்புத் தடங்களை அமைப்பதற்கு அதுவே போதும். உறுப்புக்களைக் குப்பைபோலக் குவித்து வரைந்தாலும், பகுத்துத் தொகுத்து வரைந்தாலும், இணைப்பு மாறாதவரையில் பட்டியல் ஒன்றே. ஆகவே, படத்தில் யாம் செய்யும் ஒழுங்கு முழுவதும் படிக்கும் மனிதனைக் கருதியே செய்யப்படுவதாம்.

இதனைக் கேட்டபோது பனையோலைச் சுவடிகள் என் நினைவிற்கு வந்தன. அவற்றில் சொற்கள் பிரிக்கப்படா. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. உரை எங்கே முடிந்தது, மேற்கோள் எங்கே தொடங்கிற்று என்று அறிதற்கும் குறி இராது. நூல் முழுவதும் அங்கேதான் இருந்தது, எழுத்தொன்றும் குறையவில்லை. ஆயினும் பயின்றார்க்கன்றிப் பிறர்க்கு அது திறவாத கதவாயிருந்தது. உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, சுவடிகளை ஒப்புநோக்கியும், முகவுரையும் குறிப்பும் அகராதியும் சேர்த்தும், அக்கதவினைத் திறந்து வைத்தனர். நூலாசிரியர் பாடியதனை அவர் மாற்றவில்லை. படிப்பாரை நோக்கி அமைத்தார். அண்ணன் செய்த பணியும் இத்தகையதே.

அவர் கையாண்ட மென்பொருள் கீகாட் என்பது. பிரான்சு நாட்டில் கிரனோபிள் நகரில் ஆசிரியராயிருந்த ழான் பியர் ஷராஸ் என்பார் 1992-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனமாகிய செர்ன் 2013-ஆம் ஆண்டு முதல் இதன் வளர்ச்சிக்குத் துணை செய்தது. இதனை யாவரும் விலையின்றிப் பெறலாம். மும்பை ஐ.ஐ.டி.யில் நடைபெறும் ஃபாசி என்னும் திட்டத்தார், சுற்றுப்படம் வரைதற்குக் கீகாட்டையும், வரைந்த சுற்று எவ்வாறு நடக்கும் என்று கணித்தறிதற்கு என்ஜிஸ்பைஸ் என்பதனையும் இணைத்து, ஈசிம் என்னும் மென்பொருளை மாணவர்க்காக வழங்கியுள்ளனர். பெருநிறுவனத்தார் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் கருவிகளை நாடாமலே எம் ஊர்ச் சிறு பட்டறையும் இத்தொழிலைச் செய்தற்கு இயன்றது இவற்றால்தான்.

முதலில் செய்தது பகுத்தல். தொல்காப்பியனார் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமாகவும், ஒவ்வொன்றையும் ஒன்பது இயலாகவும் வகுத்து, இருபத்தேழு இயல்களில் நூலை நிறுத்தினார். சுற்றுப்படத்திலும் தாய்த்தாள் ஒன்றும் அதன்கீழ்ச் சேய்த்தாள்கள் பலவும் அமைத்தல் உண்டு. தாய்த்தாளில் மின்தடையோ மின்தேக்கியோ காணப்படாது. பெட்டிகள் மட்டுமே காணப்படும். மின்வழங்கல் ஒன்று, கட்டுப்படுத்தும் சில்லு ஒன்று, உணரிகளிலிருந்து செய்தி பெறும் பகுதி ஒன்று, மோட்டாரையும் ரிலேக்களையும் இயக்கும் பகுதி ஒன்று. ஒவ்வொரு பெட்டியையும் திறந்தால் அதற்குரிய தாள் தோன்றும். நூலுக்குப் பாயிரம் எவ்வாறோ அவ்வாறே படத்திற்குத் தாய்த்தாள். நூல் முழுவதையும் கல்லாதவனும் பாயிரத்தால் நூல் நுவலும் பொருளை அறிவதுபோல, இதனைக் கண்டவனும் இயந்திரத்தின் போக்கினை ஒரு நோக்கில் அறிவான். தாளுக்குள்ளும் முறை உண்டு. செய்தி இடமிருந்து வலம் செல்லுமாறும், உயர்ந்த மின்னழுத்தம் மேலும் தரைமுனை கீழும் நிற்குமாறும் வரைதலே வழக்கு. படிப்பவன் கண் எப்பக்கம் செல்லவேண்டும் என்று தேடித் திகைத்தல் ஆகாது.

அடுத்தது, ஒன்றைப் பலகாற் கூறாமை. அவ்வியந்திரத்தில் உணரிகள் எட்டு. அவை தரும் செய்தியைச் சில்லிற்குக் கொண்டுசெல்ல எட்டு வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு வாயிலிலும் மின்தடை ஒன்றும், ஒளியால் செய்தி கடத்தும் உறுப்பு ஒன்றும் இருக்கும். இவ்வுறுப்பினுள் நுண்ணிய விளக்கும் அதன் ஒளியைக் காணும் டிரான்சிஸ்டரும் எதிரெதிரே உள்ளன. ஆலையின் கரடுமுரடான மின்சாரம் மென்மையான சில்லினைத் தீண்டாதபடி காப்பது இதன் பயன். முதியவர் இவ்வாயிலை எட்டு முறை வரைந்திருந்தார். கீகாட்டிலோ, ஒரு முறை வரைந்த சேய்த்தாளைத் தாய்த்தாளில் எத்துணை முறையும் வைத்துக்கொள்ளலாம். மூலத்தில் ஒன்றைத் திருத்தின் எல்லா இடத்திலும் திருந்தும். இலக்கண நூலார் இம்முறையை மாட்டேறு என்பர். ஆகார இறுதிச் சொற்களுக்கு விதி கூற வருமிடத்தில், அகர இறுதிக்குக் கூறியதே இதற்குமாம் என்று சுருங்கக் கூறி மேற்செல்வர் தொல்காப்பியனார். அதனோடு ஒப்ப இஃதும் எனக்குத் தோன்றிற்று.

இதன் பயன் உடனே விளங்கிற்று. பழைய வாயில்களில் மின்தடையின் அளவு 2.2 கிலோ ஓம். உணரி தருவது 24 வோல்ட். உள்விளக்கிற்கு 1.2 வோல்ட் போக, எஞ்சிய 22.8 வோல்ட் மின்தடையின்மேல் விழும். அப்போது ஓடும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியருக்குச் சற்று மிகுதி. எழும் வெப்பம் ஏறக்குறைய 0.24 வாட். அங்கே வைத்திருந்த உறுப்போ 0.25 வாட் மட்டுமே தாங்குவது. வெம்மை மிக்க ஆலையில், மூடிய பெட்டிக்குள், விளிம்பளவும் நிறைந்த குடம்போல் அஃது உழைத்து வந்தது. போர்டு இடையிடையே கருகியதன் காரணம் இதுவேயாம். அண்ணன் 4.7 கிலோ ஓம் இட்டார். மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைந்தது, வெப்பம் 0.11 வாட் அளவில் அடங்கிற்று. செய்தி கடத்த அம்மின்னோட்டமே போதும். ஒரு தாளில் ஓர் எண்ணை மாற்றினார். வாயில்தோறும் அது மாறிற்று.

ஆயின், ஈண்டே ஓர் ஐயமும் எழுந்தது. யான் பழைய தாளைப் படித்துக்கொண்டு வருகையில், முதல் ஏழு வாயில்களிலும் 2.2 கிலோ ஓம் என்றும், எட்டாவதில் மட்டும் 1 கிலோ ஓம் என்றும் கண்டேன். எட்டும் ஒரே தோற்றத்தன; ஏ1 முதல் ஏ8 வரை என்னும் பெயரையன்றி வேறு விளக்கம் இல்லை. எழுதியவர் கைப்பிழையோ? கருதியே எழுதியதோ? கேட்டறிதற்கு அவர் இல்லை. பதிப்பாசிரியர் பாடவேற்றுமை என்பதன் இடர்ப்பாடு இதுவன்றோ? பெரும்பான்மைச் சுவடிகளில் ஒரு பாடமும், ஒரே சுவடியில் வேறொரு பாடமும் காணப்படின், பெரும்பான்மை பற்றி மற்றதனைத் தள்ளிவிடுதல் எளிது. பொருள் நோக்காது தள்ளியவிடத்துச் சிறந்த பாடம் ஒழிந்துபோதலும் உண்டு. இதனை நான் அண்ணனிடம் கூறினேன். அவரும் எட்டாம் வாயிலின் கோட்டைத் தாளின் மறுகோடி வரையில் விரலால் தொடர்ந்து சென்றார். ஆறு உணரிகள் நூல் அறுதலைக் காண்பன. ஏழாவது காவற்கதவு மூடியதனைக் காண்பது. எட்டாவதோ உருளையின் சுற்றுக்களை எண்ணுவது. அதற்கு வந்த மின்னழுத்தம் 24 அன்று, 12 வோல்ட். ஆகவே 1 கிலோ ஓம் என்பது பிழையன்று. அதுவே உரிய அளவு. ஏழனோடும் அதனைச் சேர்த்து 4.7 கிலோ ஓம் இட்டிருப்பின், மின்னோட்டம் 2.3 மில்லி ஆம்பியராய்க் குறைந்து, சுற்றுக்களின் எண்ணிக்கை தடுமாறியிருக்கும். நூலுருண்டைகள் அளவு பிறழ்ந்து வந்திருக்கும். காரணம் காணாது பலநாள் அலைந்திருப்போம்.

எனவே, ஏழு வாயில்களுக்குப் பொதுத்தாள் ஒன்றும், எட்டாவதற்குத் தனித்தாள் ஒன்றும் அமைந்தன. பொதுவிதி கூறியபின் அதனுள் அடங்காதனவற்றிற்குப் புறனடை கூறும் இலக்கணியர் முறை இது. தனித்தாளின் ஓரத்தில், “இவ்வுணரிக்கு 12 வோல்ட், ஆதலின் மின்தடை 1 கிலோ ஓம், பொதுத்தாளோடு சேர்க்கற்க” என்னும் குறிப்பினை அண்ணன் என்னையே எழுதச் சொன்னார். பெயர்களையும் மாற்றினோம். ஏ1, ஏ2 என்பன போய், நூலறுதல் 1, நூலறுதல் 2, காவற்கதவு, உருளைச்சுற்று என்னும் பொருளில் பெயர்கள் அமைந்தன. முதியவர் தாளில் இத்தகைய குறிப்பு ஒரு வரியேனும் இருந்திருப்பின் எமக்கு ஒரு பகல் மிஞ்சியிருக்கும். எவ்வாறு என்பதைக் கோடு கூறும். ஏன் என்பதைச் சொல்லே கூறவேண்டும்.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று. கீகாட்டில் ஓர் இணைப்புக்கு இடும் பெயர் இருவகைப்படும். ஒருவகைப் பெயர் அது நிற்கும் தாளுக்குள் மட்டுமே செல்லும். வேறு தாளில் அதே பெயர் இருப்பினும் இரண்டும் வேறு வேறே. மற்றொரு வகைப் பெயரோ எல்லாத் தாள்களுக்கும் பொது. எங்கெங்கே அப்பெயர் உண்டோ அங்கெல்லாம் கம்பியால் கட்டியதுபோல இணைப்பு உண்டாகும். தரைமுனைக்கும் மின்வழங்கலுக்கும் பொதுப்பெயர் ஏற்றது. பிறவற்றிற்கு அதனைக் கண்டபடி வழங்கின், தொடர்பற்ற இரண்டு தாமே கைகோத்துக்கொள்ளும். இவ்விடரினை எம் ஊரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. அண்ணன் வரவழைத்த சில்லுகள் ஒருமுறை அருணாசலத் திருவண்ணாமலைக்குச் சென்று, பத்து நாள் கழித்து எம் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தன. ஒரு பெயருக்கு ஊர் இரண்டு இருத்தலால் வந்த வினை அது. அஞ்சல் துறையார் 1972-ஆம் ஆண்டில் ஊர்தோறும் குறியெண் வகுத்தது இத்தகைய மயக்கம் தீர்தற்கே. தாளுக்குள் அடங்கிய பெயரைக் கீகாட் தன் பட்டியலில் எழுதும்போது, தாளின் பெயரையும் முன்னே சேர்த்தே எழுதும். அஃது ஊரோடு குறியெண்ணையும் எழுதுதல் போன்றது. ஒரு தாளிலிருந்து மற்றொரு தாளுக்குச் செல்லவேண்டிய செய்திக்கோ, பெட்டியின் விளிம்பில் வாயில் வைத்து, அதன்வழியே அனுப்புதல் முறை. வீட்டிற்குள் எதுவும் நடக்கலாம்; தெருவிற்கு வருவது வாசல்வழியே வரவேண்டும்.

உறுப்புக்களுக்கு எண்ணிடுதலும் சிறு செயல் அன்று. முதல் தாளின் உறுப்புக்கள் நூற்றொன்று முதலாகவும், இரண்டாம் தாளின் உறுப்புக்கள் இருநூற்றொன்று முதலாகவும் எண் பெறுமாறு மென்பொருளை ஏவலாம். கருகிய மின்தடையின் பக்கத்தில் 304 என்று கண்டவன் உடனே மூன்றாம் தாளைத் திறப்பான். வேதாகமம் பயின்ற நமக்கு இதன் அருமை தெரியும். ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் 1551-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டின் வசனங்களுக்கு எண்ணிட்டு வெளியிட்டனர். இன்று எம்மொழியில் வேதம் படிப்பாரும், அதிகாரமும் வசனமும் கூறிய அளவில் ஒரே இடத்தை விரல் வைத்துக் காட்டுகின்றனர். எண் பொருளைக் கூட்டவில்லை. இருவர் ஒரே இடத்தில் சந்திக்க வழி செய்தது.

இறுதியில் மென்பொருளைக் கொண்டே சோதித்தோம். இணைப்பின்றி நின்ற முனைகளையும், இரண்டு வெளியீடுகள் தம்முள் மோதும் இடங்களையும் அது குறித்துக் காட்டும். தொட்டதுபோலத் தோன்றி, மயிரிழை விலகி நின்ற கோட்டினையும் காட்டிற்று. நம் கண் அதனைக் கண்டிராது. ஆயினும் அதன் அறிவிற்கு எல்லையுண்டு. எட்டாம் வாயிலுக்கு 1 கிலோ ஓம் தக்கதா, 4.7 கிலோ ஓம் தக்கதா என்பதனை அஃது அறியாது. இரண்டையும் ஒருபோலவே ஏற்கும். தளை தட்டாத செய்யுள் எல்லாம் பொருளுடைய செய்யுள் ஆகாமைபோல, சோதனையில் தேறிய படமெல்லாம் செவ்விய படம் ஆகா. அந்த அறிவு மனிதனிடத்தேயே தங்கிற்று. அவன் எழுதி வைத்தால்தான் அடுத்தவனிடத்துச் செல்லும்.

ஆனித் திங்களில் புதிய போர்டு பொருத்தப்பட்டது. இயந்திரம் ஓடத் தொடங்கிற்று. அந்நால்வரும் வேலைக்குத் திரும்பினர். படத்தின் ஒவ்வொரு தாளிலும் வலப்பக்கத்துக் கீழ்மூலையில் பெயர், நாள், பதிப்பு என்பன எழுதுதற்குரிய கட்டம் ஒன்றுண்டு. அதில் அண்ணன் முதல் வரைவு என்று குறித்து முதியவர் பெயரையும், இரண்டாம் பதிப்பு என்று குறித்துத் தம் பெயரையும் எழுதினார். தாள்களை அச்சிட்டு, உறையிலிட்டு, பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தோம்.

நண்பர்காள்! நம்மில் சிலர் பௌதிகம் பயில்கின்றோம். சிலர் கணிதம், சிலர் தமிழ். எத்துறையினராயினும், ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டையோ, சங்கத்துக் கணக்கையோ, நூலகத்துப் பட்டியலையோ எழுதுங்கால், நாம் இல்லாத நாளில் அதனைத் திறப்பவன் ஒருவன் உளன் என்பதனை நினைவிற் கொள்வோமாக. அவனை நாம் அறியோம். நம்மிடம் வினவ அவனால் இயலாது. அவன் வினவக்கூடிய வினாவிற்கு இன்றே விடை எழுதி வைத்தல் நம் கடன்.